இறங்க வந்த விமானம் ஏன் மறுபடி ஏறியது? – வாசகர் கேள்வி பதில்

விமானம், விமான நிலையம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். விமான நிலையமே இல்லாத மலையிலிருந்துதான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கரிப்பூரிலிருந்தும் (கோழிக்கோடு விமான நிலையம்), ஊட்டி, குன்னூர்க்காரர்கள் கோவையிலிருந்தும், கொடைக்கானல்காரர்கள் மதுரையிலிருந்தும் விமானம் ஏறுகிறவர்கள், அதனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கட்டுப்பாட்டு கோபுரத்தில், அதாவது நாங்கள் டவர் என்று சொல்லும் இடத்தில், உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

துபாயிலிருந்து கரிப்பூருக்கு இரவு விமானத்தில் வந்தேன் சார். சக்கரம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் இன்ஜின் சத்தம் ஒரேயடியாக ஏறி, விமானம் மறுபடி மேலே போய்விட்டது. பின் சீட்டில் ஒருவர் அழுதே விட்டார். ரொம்ப நேரம் சுற்றிவிட்டுத்தான் இறங்கினோம். விமானிக்கு அனுபவம் போதாதா? புகார் கொடுக்கலாமா?
– கூடலூர் வாசகர்

புகார் கொடுக்க இதில் ஒன்றுமே இல்லை. அந்த விமானி செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். கோ-அரவுண்ட் என்று பெயர், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போதே திரும்பத் திரும்பப் பழக்குகிற வேலை இது. இறங்க வரும் விமானம் தரைக்கு மேலே ஆயிரம் அடிக்கு வருவதற்குள் எல்லாம் அமைந்துவிட வேண்டும்: வேகம் அளவுக்குள் இருக்க வேண்டும், சக்கரம் வெளியே வந்திருக்க வேண்டும், ஓடுபாதைக்கு நேராக வந்திருக்க வேண்டும், இறங்குகிற சரிவும் சரியாக இருக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஐநூறு அடி வரைக்கும் பொறுக்கலாம். அதற்குக் கீழே ஏதாவது ஒன்று பிசகினாலும் 'சமாளித்துவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை, பவரைக் கொடுத்து மேலே ஏற வேண்டியதுதான். சில சமயம் விமானி பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறத் தாமதமாகியிருக்கும், அல்லது ஒரு நாய் உள்ளே ஓடியிருக்கும், அப்போது டவரிலிருந்து நாங்களே கோ-அரவுண்ட் சொல்லிவிடுவோம்.

அறிவிப்பு உடனே வரவில்லை என்று கடிதத்தின் கடைசியில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் முன்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், இறக்கையின் பின்பக்கம் இறக்கி வைத்த ஃபிளாப் தகட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எந்த உயரத்துக்கு ஏறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எங்களிடம் கேட்டு அதன்படி செய்ய வேண்டும், எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டும். பயணிகளிடம் பேசுவது இந்த வரிசையில் கடைசி. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

உங்கள் கரிப்பூர் கதையையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொரோனா காலத்தில், துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கொட்டும் மழையில் அங்கே இறங்கியது. ஒரு முறை இறங்க முயன்று, மேலே ஏறிப் போய், இரண்டாவது முறை எதிர்ப்பக்க முனையிலிருந்து வந்தார்கள். இந்த முறை காற்று பின்னாலிருந்து தள்ளியது. 8,858 அடி நீள ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைக் கடந்து, 4,438 அடியில்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மீதி இருந்த நனைந்த பாதையில் நிறுத்த முடியவில்லை. மலையை வெட்டிச் சமன்படுத்திய டேபிள்டாப் ஓடுபாதை அது, முனையைத் தாண்டினால் பள்ளம். 21 பேர் போய்விட்டார்கள், விமானிகள் இருவரும் அதில் அடக்கம். துணை விமானி கோ-அரவுண்ட் சொல்லியும் கேப்டன் தொடர்ந்து இறங்கியதாக விசாரணை அறிக்கை சொல்கிறது.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 2010 மே 22 அன்று, மங்களூருவில் இதே கதைதான். 8,033 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது, 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். அங்கேயும் துணை விமானி மேலே ஏறலாம் என்று சொன்னார். இரண்டு இடத்திலும் தரையைத் தொடுவதற்கு முன்பே மேலே ஏறியிருந்தால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அன்றைக்கு வீட்டுக்கு அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான் நடந்திருக்கும். இன்றைக்கு விமான நிறுவனங்களில் கோ-அரவுண்ட் போனதற்காக விமானியைத் தண்டிப்பதில்லை என்பது எழுதி வைத்த நடைமுறை. ஆனால் இறங்கிய பிறகு வாசலில் நின்று கத்துகிற பயணிகளும் ஒரு வகையில் நெருக்கடிதான். அதை நாம் கொடுக்க வேண்டாம்.

தொட்டபெட்டா ரோட்டில் மிஸ்ட் இறங்கி முன்னால் போகிற வண்டி தெரியாதபோதும் நாங்கள் ஃபாக் லைட் போட்டு ஓட்டுகிறோம். கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய விமானம் கொஞ்சம் பனிமூட்டத்துக்குப் பயந்து வேறு ஊருக்குப் போய் இறங்குகிறது. இது என்ன நியாயம்?
– ஊட்டி, டாக்ஸி ஓட்டும் வாசகர்

நீங்கள் அந்த மிஸ்ட்டில் எவ்வளவு வேகத்தில் போவீர்கள்? இருபது கிலோமீட்டர் இருக்குமா? சந்தேகம் வந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். ஏர்பஸ் 320 போன்ற விமானம் இறங்கும்போது மணிக்கு 260 கிலோமீட்டர் அளவுக்கு வரும், அதாவது ஒரு நொடிக்கு எழுபது மீட்டருக்கு மேல். நடுவில் நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. ஓடுபாதைக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியில் முதல் வகையை நம்பி இறங்குகிற இடத்தில் ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் தெரிய வேண்டும் என்பது சர்வதேச அளவு. அது பெரிய தூரமாகத் தோன்றும், ஆனால் அந்த வேகத்தில் எட்டு நொடிகூட இல்லை. இருநூறு அடி உயரம் வரை கருவியை நம்பி வரலாம். அங்கே வந்ததும் விமானியின் கண்ணுக்கு ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும்.

டெல்லியில் ஐம்பது மீட்டர் தெரிந்தால்கூட இறங்குகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். இறங்குகிறார்கள். அதற்கு ஓடுபாதையில் தனி விளக்குகள், தனிக் கருவிகள், விமானத்தில் அதற்கான தானியங்கி அமைப்பு, அதற்கென்று பயிற்சி எடுத்த விமானிகள் என்று நாலும் ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய கணக்குதான். அப்புறம், வேறு ஊருக்குப் போவது கடைசி நேரத்தில் எடுக்கிற முடிவு இல்லை. கிளம்பும்போதே மாற்று விமான நிலையம் எது என்று எழுதி, அங்கே போய்ச் சேரவும், போன பிறகு இன்னும் அரை மணி நேரம் சுற்றவும் எரிபொருள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கோவைக்கு டிக்கெட் எடுத்தவரைக் கொச்சியில் இறக்கினால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் காலையில் அந்தக் காகிதத்திலேயே அது இருந்திருக்கும்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இப்போதும் ஹெலிகாப்டர் போனால் வீட்டில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறோம், 2021 ஞாபகம் வந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய ராணுவ ஹெலிகாப்டர், அனுபவமான விமானிகள், இருந்தும் எப்படி நடந்தது?
– குன்னூர் வாசகி

அன்று அந்தப் பக்கம் இருந்த யாருக்கும் அது மறக்காது அம்மா. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2021 டிசம்பர் 8 காலை 11.48க்கு சூலூரிலிருந்து எம்.ஐ-17வி5 கிளம்பியது, 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது. 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் இருந்த தொடர்பு அறுந்துபோனது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவை 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள்: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையும் நிலையும் பிடிபடாமல் போனது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் அப்படியே தரையில் மோதியது.

கடைசி வரியில் பலருக்குக் குழப்பம். நல்ல நிலையில் இருப்பது எப்படி மோதும்? நம் உடம்புக்குச் சமநிலை சொல்வது கண்ணும் உள்காதும். உள்காதில் இருக்கும் திரவம் நாம் சட்டென்று திரும்பினால்தான் சொல்லும், மெதுவாகச் சாய்ந்தால் சொல்லாது. வெளியே அடிவானம் தெரிகிறவரை கண் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் போன நொடியில் கண்ணுக்கு வேலை இல்லை, உடம்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று சத்தியம் செய்யும், ஹெலிகாப்டர் சாய்ந்துகொண்டிருக்கும். அனுபவம் உள்ளவருக்கும் இது வரும். சமவெளிக்கு மேலே உயரத்தில் நடந்தால் கருவிகளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். பர்லியாறு பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை, கீழே மரம், அந்த நேரம் கிடைக்காது.

டிசம்பரில் நம்ம ஊர் மேகம் எப்படி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து காட்டை ஒட்டி ஏறி வரும், காட்டேரிப் பூங்காவில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ரன்னிமேடு காணாமல் போயிருக்கும். அதனால் மலைக்குள் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம், மேகம் முன்னால் தெரியும்போதே திரும்பிவிடு என்பது. உள்ளே நுழைந்துவிட்டால், எந்தப் பக்கம் திரும்பி எவ்வளவு உயரம் ஏறினால் எல்லா மலைக்கும் மேலே போகலாம் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். வெலிங்டனில் வானம் எப்படி என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாலும், வழியில் இருக்கிற பள்ளத்தாக்குக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

விபத்து நடந்த நஞ்சப்பசத்திரத்து மக்கள் அன்று குடத்தில் தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், அதை எல்லோரும் பாராட்டினார்கள். அப்படி ஒரு நிலை இனி யாருக்கும் வர வேண்டாம், வந்தால் 112-க்குச் சொல்லிவிட்டு, தீ இருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று, உயிரோடு இருப்பவர்களை மட்டும் தள்ளிக் கொண்டுவாருங்கள். சிதறிய பாகங்களை ஞாபகார்த்தம் என்று எடுத்துப்போகாதீர்கள். ஒரு சின்ன போல்ட் எங்கே கிடந்தது என்பதுகூட விசாரணைக்கு வேண்டும்.

ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பாதிப் பேர் ட்ரோனோடு வருகிறார்கள். இங்கே விமான நிலையம்தான் இல்லையே, பறக்கவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
– கொடைக்கானல், வட்டக்கானல் வாசகர்

2021 ட்ரோன் விதிகளின்படி நாட்டையே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதள வரைபடத்தில் இடத்தைத் தட்டினால் நிறம் தெரியும். பச்சையில் 400 அடி வரை பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கூடாது. வானத்துக்கு இது. காட்டுக்கு வனத்துறை தனி, கொடைக்கானலைச் சுற்றி இருப்பது வன உயிரினச் சரணாலயம், அவர்கள் அனுமதி இல்லாமல் எடுத்தால் ட்ரோனோடு சேர்ந்து உங்கள் விருந்தினரும் ரேஞ்சர் ஆபீசில் உட்கார வேண்டியிருக்கும்.

மலைக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை அவர்களுக்குச் சொல்லுங்கள், இது பலருக்குத் தோன்றுவதில்லை. 400 அடி என்பது ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து. ஆனால் ரிமோட் திரையில் காட்டுகிற உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து. டால்பின் நோஸ் பாறை மேல் நின்று கிளப்பி, திரையில் முப்பது மீட்டர் என்று பார்த்துக்கொண்டே வெளியே தள்ளினால், சில நொடிகளில் கீழே தரை ஆயிரக்கணக்கான அடி இறங்கிப் போயிருக்கும். ஆள் விதிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், ட்ரோன் ஹெலிகாப்டர் போகிற உயரத்தில் நிற்கும். 400 அடி எவ்வளவு என்று காட்ட வேண்டுமென்றால் தூண் பாறையைக் காட்டுங்கள், அதன் உயரம் ஏறக்குறைய அதுதான். காட்டுத்தீ நேரத்தில் ஹெலிகாப்டர் வேலை செய்யும்போது எந்த நிறமாக இருந்தாலும் பறக்கவிட வேண்டாம், விமானியின் கண்ணுக்கு அந்தச் சின்ன ட்ரோன் தெரியவே தெரியாது.

ஊட்டிக்கு ஏன் விமான நிலையம் கொண்டுவரவில்லை? தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு மட்டும் வருகிறது.
– ஊட்டி, பிங்கர் போஸ்ட் வாசகர்

உயரம்தான் முதல் காரணம். மேலே போகப் போகக் காற்று மெலியும், இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், இன்ஜினும் களைக்கும். கடல் மட்டத்துக்கு மேலே 300 மீட்டருக்கு ஒரு முறை ஓடுபாதையை 7 சதவீதம் நீட்ட வேண்டும் என்பது வடிவமைப்பில் பழைய கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர். கடற்கரையில் இரண்டு கிலோமீட்டர் போதும் என்கிற விமானத்துக்கு இங்கே மூன்று கிலோமீட்டர் வேண்டும். மூன்று கிலோமீட்டர் சமநிலம் நீலகிரியில் எங்கே இருக்கிறது, அதன் இரண்டு முனைக்கும் எதிரே மலை இல்லாமல்? சிம்லாவில் மலையை வெட்டிக் குட்டையான ஓடுபாதை போட்டார்கள், சின்ன விமானத்திலும் சீட்டைக் காலியாக விட்டு எடை குறைத்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. நமக்குத் தீட்டுக்கல் ஹெலிபேட் இருக்கிறது, அதற்கே மேகம் விலகக் காத்திருக்க வேண்டும். என் கருத்து கேட்டால், அந்தப் பணத்தை மேட்டுப்பாளையம் ரோட்டுக்குச் செலவழிக்கலாம்.

விமானவியல் படிக்க ஆசை. ஜப்பானில் தரையிலேயே இரண்டு விமானம் மோதி எரிந்ததைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதையில் இரண்டு பேர் எப்படி வந்தார்கள்? டவரில் இருப்பவர்கள் பார்க்க மாட்டார்களா?
– கோத்தகிரி, கல்லூரி மாணவர்

நம்ம துறைக்கு வரப் போகிறீர்கள், சந்தோஷம் தம்பி. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. முந்தின நாள் நோட்டோ பக்கம் பெரிய நிலநடுக்கம், அதற்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகக் கடலோரக் காவல்படையின் சின்ன விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கிடைத்த உத்தரவு, ஓடுபாதைக்கு முன்னால் இருக்கும் நிறுத்தக் கோடு வரை வா, வரிசையில் நீதான் முதல் என்பது. முதல் என்று சொன்னதை உள்ளே போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் ஏறி, நாற்பது நொடி அளவுக்கு அங்கேயே நின்றது. பின்னாலேயே ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 பயணிகள் விமானம் இறங்கியது. விசாரணையின் இடைக்கால அறிக்கை மூன்று காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறது: சின்ன விமானத்தில் இருந்தவர்கள் அனுமதி கிடைத்ததாக நம்பினார்கள், டவர் அவர்கள் உள்ளே போனதைக் கவனிக்கவில்லை, இறங்கி வந்தவர்களின் கண்ணுக்கும் அது தெரியவில்லை. இரவு நேரம், ஓடுபாதை விளக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானத்தின் விளக்கு தனியாகத் தெரியாது.

அதனால்தான் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஜன்னல் சீட் கிடைத்தால், ஓடுபாதைக்குள் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையைப் பாருங்கள். குறுக்கே நாலு மஞ்சள் கோடு இருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோட்டுப் பக்கம் நிற்கிறவர் அனுமதி இல்லாமல் ஒரு அடி முன்னால் வைக்கக் கூடாது. ஓடுபாதைக்குப் போய்வரும் வழியான டாக்ஸிவேயில் ஓரத்தில் நீல விளக்கு, நடுவில் பச்சை. நிறுத்தக் கோட்டில் சிவப்பு விளக்கு வரிசை இருந்து, அது எரிந்தால் வாயால் அனுமதி வந்தாலும் தாண்டக் கூடாது. நாங்கள் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு ரீட்பேக் என்று பெயர், அதை நாங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்கிற மாதிரி பாவனை செய்வது ரொம்ப சுலபம், ஆபத்தும் அங்கேதான். ஓடுபாதையைச் சோதிக்க ஜீப் உள்ளே போனால், டவர் மேசையில் விமானங்களின் சீட்டுகளை அடுக்கி வைக்கும் பலகையில், ஓடுபாதைக்கு நேரே ஒரு சிவப்புப் பட்டையைக் குறுக்கே வைத்துவிடுவோம். ஜீப் வெளியே வந்து டிரைவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அதை எடுப்போம். பக்கத்தில் இருப்பவர் ஜோக் அடித்துக்கொண்டிருந்தாலும், போன் அடித்தாலும், கை தானாக அந்தப் பட்டையைப் பார்க்கும்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்ததையும் படித்துப் பாருங்கள். மூடுபனியில் அனுமதி கிடைக்காமலே கிளம்பிய கே.எல்.எம். ஜம்போ, ஓடுபாதையில் இருந்த பான் ஆம் ஜம்போ மேல் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் டேக்-ஆஃப் என்று டவர் சொன்னால் அது கிளம்பும் அனுமதிக்கு மட்டும்தான் என்று இறுக்கினார்கள்.

ஹனேடாவில் சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். எரிந்துகொண்டிருந்த ஏ350-லிருந்து 379 பேரும் வெளியே வந்தார்கள். அவர்கள் பையை எடுக்கவில்லை. நம்ம ஆட்கள் விமானம் நிற்பதற்குள்ளேயே எழுந்து மேலே இருக்கும் பெட்டியைத் திறக்கிறார்கள், இதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

மச்சானுக்கு கோவை சின்னியம்பாளையத்தில் கோழிக்கடை. விமான நிலையம் பக்கத்தில் கழிவு போடுவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. ரோட்டில் போட்ட கழிவுக்கும் மேலே போகிற விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?
– குன்னூர், வெலிங்டன் பகுதி வாசகர்

குன்னூரில் குப்பைத் தொட்டியைத் திறந்து வைத்தால் கரடி வருகிறது இல்லையா, அங்கே பருந்து வருகிறது. கள்ளப்பருந்து கழிவைத் தேடி வந்து வெயில் ஏறியதும் வட்டமடித்துக்கொண்டு மேலே போகும், விமானங்கள் ஏறும், இறங்கும் பாதையும் அங்கேதான். பறவை மோதல்களில் பெரும்பாலானவை தரைக்குப் பக்கத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கின்றன. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கிற மாதிரிக் கழிவு கொட்டுவதும் விலங்கு வெட்டுவதும் கூடாது என்று விமான விதிகளில் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய விமானம் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு இன்ஜினும் போய், ஹட்சன் ஆற்றில் இறங்கியது, 155 பேரும் பிழைத்தார்கள். ஆறு பக்கத்தில் இருந்தது. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ஆறு இல்லை.

விமான நிலையத்துக்கு உள்ளேயும் சும்மா இருப்பதில்லை. ஓடுபாதை ஓரப் புல்லை எந்த உயரத்துக்கு விடுவது என்பதற்கே கணக்கு உண்டு, குட்டையாக வெட்டினால் ஆள்காட்டிக் குருவிக்குக் கொண்டாட்டம், வளரவிட்டால் எலியும் அதைத் தேடி வருகிற பறவையும். வெடிச்சத்தம் போடுவார்கள், ஜீப்பில் விரட்டுவார்கள். வெளியே இருக்கும் கழிவுக்கு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மச்சானை மூடி போட்ட டிரம் வாங்கச் சொல்லுங்கள், கழிவை எடுத்துப்போகிற வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இறங்கும்போது விளக்கை அணைத்து ஜன்னலை மட்டும் திறக்கச் சொல்வது ஏன்?
– பழனி வாசகி

ஏதாவது ஆகி இருட்டில் ஓட வேண்டியிருந்தால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் எந்தப் பக்கம் தீ என்று பணியாளருக்குத் தெரியும், அந்தப் பக்கக் கதவைத் திறக்க மாட்டார்.

விமானத்தில் போனால் காதும் தலையும் என்னவோ செய்கிறது. மலைக்காரர்களுக்குப் பழக்கம் இருக்கும் என்கிறார்களே?
– ஊட்டி வாசகி

பாதி உண்மை. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் போனாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அதாவது குன்னூருக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ. மூச்சு விஷயத்தில் நீங்கள் வீட்டில் இருக்கிற மாதிரிதான். காது அடைப்பது அழுத்தம் மாறுவதால், மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைக்கிற அதே அடைப்பு. எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊட்டி வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தைலம் எல்லாம் கேட்கிறான். தைலம் கொண்டுபோகலாமா? பவர் பேங்கை எதில் வைப்பது?
– குன்னூர் வாசகி

வர்க்கிக்கும் சாக்லேட்டுக்கும் விமானத்தில் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, உடைந்து போகாமல் கட்டுங்கள். யூகலிப்டஸ் தைலம் வேறு, அது தீப்பிடிக்கும். ஐம்பது டிகிரி அளவுக்குச் சூடானாலே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். மருந்து, ஒப்பனைப் பொருள் என்ற கணக்கில் ஒரு பாட்டில் அரை லிட்டருக்கு மிகாமல், மொத்தம் இரண்டு லிட்டர் வரை சர்வதேச விதியில் இடம் உண்டு, ஆனால் சுத்தத் தைலத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதா என்பது விமான நிறுவனத்தின் கையில். முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள், சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள், கேன் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் விட மாட்டார்கள். கேம்ப்பிங் போகிறவர்கள் வைத்திருக்கும் குட்டி கேஸ் டப்பா எந்தப் பையிலும் கூடாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், கீழே போகிற பெட்டியில் வைக்கவே கூடாது. கீழே தீப்பிடித்தால் போய் அணைக்க ஆள் இல்லை, மேலே என்றால் உடனே பார்த்துவிடலாம். நூறு வாட்-ஹவர் வரை அனுமதி, பவர் பேங்க் மேல் போட்டிருக்கும் எம்.ஏ.எச். கணக்கில் சுமார் 27,000. வழியில் போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டைச் சாய்த்தோ நகர்த்தியோ தேடாதீர்கள், பேட்டரி நசுங்கினால் அங்கேயே புகையும். அப்படியே விட்டுவிட்டுப் பணியாளரைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்.